பத்தாவது பெயர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு மருந்துக்கடையில் கிடைத்தது. கடை நடத்தும் அம்மாவின் தகப்பனார் காவல் நிலையத்தில் ரைட்டராக இருந்தவர். (புகாரையும் பதிவேட்டையும் எழுதுகிறவர். என்னையும் சிலர் ரைட்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.) மாத்திரைகளை உறையில் போட்டபடி அந்த அம்மா சொன்னார்: "எங்கப்பா ஒரு கொள்ளைக்காரன எழுதியே உண்டாக்கிட்டாரு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

2

'மலைப்பாதையில் வழிப்பறி பெருகியிருந்த காலம் அது...'

அடித்துவிட்டேன். தானாகப் பெருக அது என்ன, மழைத் தண்ணீரா?

நடந்தது இதுதான். மலையடியில் ஓர் ஊர். அந்த ஊர் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகச் சுற்றுவட்டாரத்துக்குக் காவல் இருந்தவர்கள். காவல் நிலையம் வந்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று. காட்டுக்கு வேலி போட்டார்கள். விறகு பொறுக்கினாலே திருட்டு. பிறகு மேலிடம், அந்த ஊரிலிருந்து பத்துத் திருடர்களின் பட்டியல் கேட்டது. ரைட்டருக்கு ஒன்பது பேர்தான் தேறினார்கள். பத்தாவதாக, ஊரில் யாருக்குமே இல்லாத ஒரு பெயரை எழுதினார். யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தார்.

(அந்தப் பெயர் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன்.)

3

பட்டியலில் உள்ளவர்கள் தினமும் நான்கு மணிக்கு வந்து கைநாட்டு வைக்க வேண்டும். முதல் நாள் பத்துப் பேர் வந்தார்கள்.

"உன் பேரென்ன?"

பத்தாவது ஆள் அந்தப் பெயரைச் சொன்னான்.

"அப்படி யாருமே கெடையாதேப்பா."

"ஆளு வரலேன்னா ஊரையே அடிப்பாங்கன்னாங்கய்யா. சீட்டு எழுதிக் குலுக்கினோம். எனக்கு விழுந்துச்சு."

பட்டியல் மேலிடம் போய்விட்டது. ரைட்டர் மைப்பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினார்.

[இந்த இடத்தில் அவரைக் கொஞ்சம் தயங்கவைத்து எழுதினேன். "வேண்டாங்க. நகர்த்தினாரு, அவ்வளவுதான்" என்றார் மகள்.]

4

தினமும் நான்கு மணிக்கு நிலையத்தில் நிற்கிறவனுக்கு வெளியூரில் யார் வேலை கொடுப்பார்கள்? எங்கே எது தொலைந்தாலும் பத்துப் பேருக்கும் அடி. பழைய பெயர் வாய்தவறி வந்தால் ஊருக்கே ஆபத்து என்று, பெற்ற தாயும் அவனைப் புதுப் பெயர் சொல்லியே கூப்பிட்டாள். இரண்டாம் வருடம் அவன் மலையேறினான்.

5

பதினொரு வருடம் கழித்து, பட்டப்பகலில், ரைட்டர் போன பஸ்ஸை மறித்தார்கள். வளையல்களும் கடிகாரங்களும் ஒரு துணியில் விழுந்தன. தலைவன் மட்டும் எதையும் தொடாமல் வந்து ரைட்டரின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். அம்மா செத்துப்போச்சு. ஊர்ல கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்கறாங்க. எனக்கும் நெனப்பு வரல. நீங்க எழுதுன பேருக்கு முன்னாடி என் பேரு என்ன?"

ரைட்டர் அதைக் கேட்டதே இல்லை.

6

அவர் வீடு வந்து சேர்ந்தார். என்ன பதில் சொன்னார் என்பதை மகளிடம்கூடச் சொல்லவில்லை. ஆகவே நான் எழுதிப் பார்த்தேன்.

"தெரியாதுப்பா" என்றார். அவன் எழுந்திருக்கவில்லை.

"மன்னிச்சிடு" என்றார். "எதுக்குங்க?" என்று கேட்டான்.

மூன்றாவதில், வாய்க்கு வந்த வேறொரு பெயரைச் சொன்னார். அவன் அதை இரண்டு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. கும்பிட்டுவிட்டு இறங்கிப்போனான். அப்போதுதான் நானும் அவனுக்கு ஒரு பெயரை எழுதி

இதற்குமேல் என்னால் ஆகாது. பதிலை நீங்களே சொல்லுங்கள். அவசரமில்லை, அவன் உங்கள் பக்கத்து இருக்கையில்தான் இருக்கிறான்.