இரண்டு கதவுகளில் ஒரே மனு

அத்தை எந்த மனுவையும் ஒரே இடத்துக்கு அனுப்பியதில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்றால் மின்சார அலுவலகத்துக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று, "சும்மா கிடக்கட்டும்" என்று சுகாதாரத் துறைக்கும் ஒன்று. விளக்கு எரிந்தபோது எரியவைத்தது யாரென்று தெரியாததால், மூன்று இடத்துக்கும் நன்றிக் கடிதம் போனது. அத்தை வீட்டிலேயே துணி தைப்பவர். எதற்கும் இரட்டைத் தையல் போட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

அவர் மகன், என் அத்தான், பஸ் ஓட்டுநராக இருந்தார். வேலைநிறுத்தத்தின்போது டிப்போ வாசலில் வைத்துப் போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. எந்த நீதிபதி முன்னாலும் நிறுத்தாமல், ஒரு வழக்கும் போடாமல், வாரக்கணக்கில் வைத்திருந்து வெளியே விட்டது. திரும்பி வந்து பார்த்தால், சொல்லாமல் விடுப்பு எடுத்ததற்காக வேலை போயிருந்தது. உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தோம். காவலில் இருந்ததற்குப் பதிவே இல்லை என்று எல்லா இடத்திலும் கைவிரித்தார்கள். இப்போது வாடகைக் கார் ஓட்டுகிறார். வேலை திரும்பக் கிடைக்கும் என்ற ஆசையை விட்டுவிட்டார். தான் அங்கே இருந்ததை யாராவது எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு வேண்டும்.

நான் பகலில் மருந்துக்கடையில் வேலை பார்த்துவிட்டு மாலையில் சட்ட வகுப்புக்குப் போகிறேன். உள்நாட்டில் எல்லாக் கதவும் மூடியபிறகு, நம் நாடு அதற்கான ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தால், சாதாரண ஆள்கூட ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்கு எழுதலாம் என்று ஒருநாள் வகுப்பில் சொன்னார்கள். நான் திரும்பத் திரும்பக் கேட்டதில், சந்தேகம் உங்களுக்கா எனக்கா என்று ஆசிரியரே குழம்பிப்போனார்.

நம் நாடு சேர்ந்திருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு வீட்டில் சொன்னேன். அவர்கள் வந்து அந்தப் போலீஸ்காரனைப் பிடிப்பார்களா என்று அத்தை கேட்டார். பிடிக்கமாட்டார்கள், அரசாங்கத்திடம் விளக்கம் கேட்பார்கள், தப்பு என்றால் தப்பு என்று எழுதுவார்கள், அதற்கே வருஷக்கணக்கில் ஆகும் என்றேன்.

"நான் ஒரு ஜாக்கெட்டுக்கு ஒரு வாரம் கேட்டாலே திட்டுறாங்க" என்றார் அத்தை.

ஆனாலும் எழுதினோம். நடுவில் அத்தை சாக்கடை அடைப்பையும் சேர்க்கச் சொன்னார்; மறுத்துவிட்டேன். அத்தான் சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் அத்தை காகிதத்தை வைத்தார். அத்தான் சோற்றைப் பார்த்தபடியே கையெழுத்துப் போட்டார். அனுப்பிவிட்டோம்.

அடுத்த வாரம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே அத்தை நல்ல செய்தி ஒன்று சொன்னார். அதே மனுவின் நகலை எங்கள் பிராந்தியத்து நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் மனித உரிமை நீதிமன்றத்துக்கும் அனுப்பியிருந்தாராம். அது இல்லாவிட்டால் இது.

அவசரமாகக் குழுவின் விதியை எடுத்துப் படித்தேன். இன்னொரு சர்வதேச அமைப்பு விசாரித்துக்கொண்டிருக்கும் விஷயத்தைக் குழு எடுத்துக்கொள்ளாது. நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ என்று மறுபடி படித்தேன். விதி மாறவில்லை. நீதிமன்றத்துக்கோ மனு கொடுக்கும் கெடு எப்போதோ முடிந்திருந்தது. முடிவு வராத இடத்தில் மனு கிடந்து, வரக்கூடிய இடத்தையும் அடைத்துக்கொண்டிருந்தது. அதைத் திரும்பப் பெற்றே ஆகவேண்டும்.

அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. "கோர்ட்டுன்னா தீர்ப்பு சொல்வாங்க. உன் குழு கருத்துதானே சொல்லும்? கருத்து நம்ம தெருவிலேயே வேணுங்கிற அளவு கிடைக்குது."

 இது அத்தானுடைய வழக்கு, அவரைக் கேட்போம் என்றேன். அப்போதுதான் உறைத்தது, இதுவரை நாங்கள் அவரை எதுவுமே கேட்டதில்லை.

அத்தான் வண்டியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கோர்ட்டுப் படி ஏறி ஏறிக் கால் தேய்ந்தது போதும், குழுவே இருக்கட்டும் என்றார். திரும்பப் பெறும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு மனுவைக் கேட்டு வாங்கி, முதல்முறையாக, முதலிலிருந்து கடைசி வரை படித்தார்.

"ஒண்ணு விட்டுப்போச்சு, வக்கீலம்மா."

விட்டுப்போயிருக்கும் என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே பயம்தான். என்ன என்றேன்.

"அம்மா ஸ்டேஷனுக்கு வந்தாங்க. அப்படி ஒரு ஆளே இங்க இல்லன்னு சொல்லி அனுப்பினாங்க. நான் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் இருந்தேன். அம்மா பேசினதெல்லாம் கேட்டுச்சு."

தையல் மெஷின் நின்றது.

"கேட்டுச்சா? ஏண்டா இத்தனை நாளா சொல்லல?"

"பதில் குடுக்க முடியலையேம்மா."

அத்தை துணியைக் கீழே வைத்தார். அதை நீவிவிட்டார். அப்புறம் சந்தேகத்தோடு, நான் அப்படி என்னதான் பேசினேன் என்று கேட்டார்.

அத்தான் அம்மாவின் குரலிலேயே சொன்னார். "ஏய்யா, உன் சட்டைப் பொத்தான் தொங்குறதே உனக்குத் தெரியல, உள்ள யார் இருக்காங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மூணாவது பொத்தான்" என்றார் அத்தை உடனே.  சொல்லிவிட்டுச் சிரித்தார்.

இதை இதுவரை எந்த நீதிமன்றமும் கேட்டதில்லை. குழு இதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தமாதிரி சொல்லவும் எனக்கு வராது. ஆனால் உள்ளே இல்லாத ஒருவர் இதைக் கேட்டிருக்க முடியாது. கூடுதல் விவரமாக அனுப்பலாம் என்று புதுத் தாள் எடுத்தேன். பொத்தானையும் எழுத வேண்டுமா என்று கேட்டேன்.

"எழுது. அன்னைக்கு எதிர்வீட்டுக்காரியும் என்கூட வந்தா. அவளும் பார்த்தா, அவளும் கேட்டா. சாட்சிக்கு ஆகுமா?"

ஆகும் என்றேன். அத்தை செருப்பைக்கூடத் தேடாமல் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டப் போனார். அத்தான் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"முதல் நாள்லேர்ந்து சொல்லவா?" என்றார்.