முப்பத்தெட்டரையைப் பூட்டியவள்

1

பதினொரு மணி நேரம், நாற்பது நிமிடம். அவ்வளவு நேரம் ஒரு கோழிப்பண்ணையின் பொரிப்புப் பெட்டியில் எச்சரிக்கை மணி அடிக்கவேண்டிய வெப்ப எல்லை முப்பத்தெட்டரை டிகிரிக்குப் பதில் ஐம்பதாக இருந்தது. இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. எண்ணை மாற்றியது யார் என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் துணிவு வரவில்லை. மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும்

(அந்த வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.)

2

கதாநாயகி அந்தப் பெட்டிக்கு நிரல் எழுதும் அலுவலகத்தில் இருக்கிறாள். வாயைத் திறக்கவே மாட்டாள் என்பதால் அவளுக்கு 'மியூட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவள் எழுதும் கணினி மொழியில் மாறிலி, அதாவது மாற்றவே முடியாத எண், என்று உண்மையில் ஒன்று கிடையாது. எண்ணின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதினால் 'தொடாதே' என்று பொருள். வெறும் மரியாதைதான். தொட்டால் மொழி ஏன் என்றுகூடக் கேட்காது.* ஓடிக்கொண்டிருக்கும் நிரலில், பண்ணையிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ, ஒரு வரி தட்டினால் போதும், எண் மாறிவிடும். நிரலை மறுபடி தொடங்கினால் பழைய எண் வந்து உட்கார்ந்துகொள்ளும். தடயமே இருக்காது.

* நம்பாமல் ஒருமுறை வட்டக் கணக்கில் வரும் 'பை'யின் (π) மதிப்பை நான்காக்கிப் பார்த்தேன். எந்த வட்டமும் முறையிடவில்லை.

3

வெப்பம் ஏறியது. எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா வழக்கம்போல ஒரு முட்டையை எடுத்து மூடிய இமைமேல் வைத்துப் பார்த்தார். சுட்டது. கதவைத் திறந்துபோட்டார். நாலாயிரம் முட்டைகள் பிழைத்தன. அவர் வேலைதான் ஊசலாடியது. எல்லை ஐம்பதாகக் கிடந்ததைப் பார்த்ததும், கதவைத் திறந்தவர்தான் எண்ணையும் நோண்டியிருப்பார் என்றார்கள்.

அக்கா அலுவலகத்துக்குக் கூப்பிட்டபோது மியூட்தான் போனை எடுத்தாள்.

"கதவைத் தவிர எதையும் தொடலைம்மா," என்றார் அக்கா. "பொரியப்போற முட்டை. வெந்து போகட்டும்னு விடவா முடியும்?"

மியூட் பதில் சொல்லியிருக்க வேண்டிய இடம் இது. நானும் எழுதிப் பார்த்தேன். அவள் "சரிங்கக்கா" என்பதைத் தாண்டவில்லை.

4

மூன்று நாளில் ஒரு பூட்டு எழுதினாள். எண்ணை ஒருமுறைதான் வைக்கலாம். மறுமுறை கை வைத்தால் நிரல் கத்தி மறுத்துவிடும். குழுத்தலைவர் எல்லோர் முன்னாலும் மாற்றிப் பார்த்தார். ஐம்பது. மறுப்பு. நூறு. மறுப்பு.

"அடேங்கப்பா! மியூட்டு, நீ வாயைத் திறக்காமலே எங்க வாயை அடைச்சிட்டியே!"

கைதட்டல். என் கதைகளில் யாருக்கும் இதுவரை இப்படி ஒரு கைதட்டல் விழுந்ததில்லை.

"இனி அந்தம்மா தலைகீழா நின்னாலும் மாத்த முடியாது," என்று தலைவர் போனை எடுத்தார். "பண்ணைக்குச் சொல்லி இன்னிக்கே அவங்களை நிறுத்திடறேன்."

5

இங்கே கதையை முடித்து ஒரு பிரதி வைத்திருந்தேன். இன்னொன்றில் பழியை மின்வெட்டின்மேல் போட்டேன். இரண்டையும் அடித்துவிட்டேன். அடுத்து அவள் வேலை என்ன ஆனது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நாற்காலியைத் தள்ளி அவள் எழுந்த சத்தத்தை மட்டும் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

"போனை வைங்க சார். அக்கா எதையும் மாத்தலை."

"பின்ன யாரு?"

மியூட்டின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"சோதிக்கறப்ப மணி அடிக்கக் கூடாதுன்னு ஐம்பதுன்னு தட்டினதும், திருப்பி வைக்க மறந்ததும் நான்தான் சார்."