கடற்காக்கைகளுக்கு எண்ணெய்க் குளியல்

என் வாய் பொல்லாத வாய் என்று கீழூர் முழுக்கத் தெரியும். தெரியட்டும். கடையில் உட்கார்ந்திருக்கும் பொம்பளைக்கு வாய் இல்லாவிட்டால் கல்லாப்பெட்டியோடு ஆளையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். என் வீட்டுக்காரர் வீரபாகு விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு இந்தப் பலசரக்குக் கடையை நான் வாயை வைத்துத்தான் காப்பாற்றினேன். ஆகவே பக்கத்துத் தெரு பிளாரன்ஸ் முந்தானைக்குள் எதையோ பொத்திக்கொண்டு வந்து சீயக்காய்த்தூள் கேட்டபோது, வழக்கம்போல ஏச்சைத்தான் முதலில் கொடுத்தேன்.

“ஏளா, அரிசிக்கு ஊரே வரிசையில நிக்கி. ஒனக்குச் சீயக்கா தேச்சு முழுக்குக் கேக்குதா?”

“எனக்கு இல்லக்கா. இதுக்கு.”

முந்தானையை விலக்கினாள். உள்ளே ஒரு கடற்காக்கை. பேர்தான் காக்கை, நல்ல நாளில் உடம்பெல்லாம் வெள்ளையாக இருக்கும், சிறகு மட்டும் சாம்பல். இதுவோ அசல் காக்கை நிறத்தில் இருந்தது. அலகிலிருந்து கால்வரை கறுப்பு எண்ணெய். சிறகு உடம்போடு ஒட்டிப்போய், வாயைத் திறந்து திறந்து மூடியது. சத்தமே வரவில்லை. சீயக்காய் டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, “போ, போ, கடை வாசல்ல நிக்காத” என்றேன்.

அது நாற்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம். நடுக்கடலில் எங்கோ ஒரு எண்ணெய்க் கப்பலை அடித்துவிட்டார்கள். யாருடைய கப்பல், எந்த இடம், அதில் இருந்த ஆட்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள், நாமும் கேட்கக்கூடாது. கேட்டால் யுத்தம் என்பார்கள். நாசமாய்ப்போன யுத்தம்! ஆனால் எண்ணெய்க்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியுமா? அது பாட்டுக்குக் கரைக்கு வந்தது. வேம்பார் வரைக்கும் கரை கறுத்துக் கிடக்கிறது என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். பறவைகள் அதில் விழுந்து, பாதிப் பலத்தோடு எழும்பி, ஊருக்குள் வந்து பொத்துப் பொத்தென்று விழுந்தன. உப்புக் குவியல் மேலே, பஞ்சுப் பேட்டைக் கூரையில், சாக்கடையில். நாய்களுக்கு நல்ல வேட்டை.

அவற்றைப் பொறுக்கியெடுக்க ஒரு கூட்டம் கிளம்பியது. கூட்டம் என்றால் பெரிய கூட்டமில்லை. கிருபாநிதி சார்வாள்தான் முதலில் சாக்கைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். சாத்தான்குளத்துக்காரர், மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். குண்டு விழும் என்று ஊரைவிட்டுப் போன குடும்பங்கள் பல இன்னும் திரும்பாததால் அவர் வகுப்பில் பாதிப் பெஞ்சு காலி. அவரோடு பிளாரன்ஸ் சேர்ந்தாள். அப்புறம் நான். நான் சேரவில்லை, என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். கொழும்புக்குத் தோணி ஓட்டம் படுத்துவிட்டதால் வெங்காய மூட்டை அடுக்குகிற என் கிட்டங்கி சும்மா கிடந்தது. அந்த இடத்தைக் கொடுத்தவள், மீன் வாடையைத் தாங்கினவள், கடைசியில் கடையை அடைத்துவிட்டுப் போய்ப் பறவை கழுவினவள் எல்லாம் இந்தச் சீனித்தாய்தான்.

முதலில் சார்வாள் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். கையில் பட்ட கீலைத் துடைக்க எல்லோரும் செய்கிற வேலை. துடைத்த பறவைகள் தோல் வெந்து, பொழுது சாய்வதற்குள் வரிசையாகச் செத்தன. மனுஷர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அதற்கு அப்புறம்தான் பிளாரன்ஸ், முதல் நாள் என்னிடம் சீயக்காய் வாங்கிப்போன காரணத்தைச் சொன்னாள்.

“நாம எண்ணெ தேச்சா என்னக்கா செய்யுதோம்? சீயக்கா போட்டு எடுக்கமா இல்லியா? இதுக எல்லாத்துக்கும் அப்படிச் செஞ்சா என்ன?”

செய்தோம். கொஞ்சம் நல்லெண்ணெய் தடவிக் கறுப்பை இளக வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் சீயக்காய் கரைத்து, பச்சைப்பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுகிற மாதிரி குளிப்பாட்டினோம். கண்ணில் சீயக்காய் பட்டுவிடாமல் சார்வாள் தலையைப் பிடித்துக்கொண்டார். கறுப்புத் தண்ணீர் ஓடியது. கீழே இருந்து சாம்பல் வந்தது, அப்புறம் வெள்ளை வந்தது. அம்மாடி! எங்கள் மூன்று பேருக்கும் வாயெல்லாம் பல். பக்கத்துக் கடை இசக்கியப்பன் எட்டிப் பார்த்து, “என்னக்கா, காக்காய்க்குத் தீவாளியா?” என்றான். “ஆமாலே, ஒனக்கும் தேச்சு விடுதேன், வந்து குத்தவை” என்றேன். ஓடிவிட்டான்.

பிழைத்தது கொஞ்சம், செத்தது நிறைய. அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. தினமும் காலையில் கிட்டங்கிக் கதவைத் திறந்ததும் முதலில் செத்ததைத்தான் எண்ணுவேன். செத்ததையெல்லாம் பெட்டியில் அள்ளிக்கொண்டுபோய்ப் புதைப்பது சார்வாள் வேலை. பிளாரன்ஸ் மட்டும் நேரே ஒரே ஒரு கூடையிடம்தான் போவாள். முதல் நாள் முந்தானையில் கொண்டுவந்தாளே, அந்தப் பறவை. அது உயிரோடு இருந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

“அதுல மட்டும் அப்படி என்னளா இருக்கு?” என்று ஒருநாள் கேட்டேன்.

அதன் இடது காலைத் தூக்கிக் காட்டினாள். ஒரு விரல் இல்லை. “அவுகளுக்கும் இடது கால்ல ஒரு வெரல் இல்ல அக்கா. நங்கூரக் கயிறு சுத்தி இழுத்துட்டு.”

அவுக என்றால் ரோச், அவள் புருஷன். கப்பலில் லஸ்கராக, கூலி மாலுமியாகப் போனவன். கல்யாணம் முடிந்து ஒரு பெருநாள்கூட அவனோடு சேர்ந்து கொண்டாடவில்லை. வருஷம் திரும்பப் போகிறது, ஒரு வரி காகிதம் இல்லை. கப்பல் கம்பெனி ஆபீசில் போய்க் கேட்டால் தகவல் இல்லை என்று ஒரே பதில். இருக்கிறான் என்றும் சொல்லமாட்டார்கள், இல்லை என்றும் சொல்லமாட்டார்கள். எனக்காவது போனது என் மடியில் போனது. அழுது தீர்த்து எழுந்துவிட்டேன். இவளுக்கு அழவும் வழியில்லை.

“மாதாவுக்கு நேர்ந்திருக்கேன்க்கா. இத உசுரோட கடல்ல கொண்டு விட்டுட்டா அவுகளத் திருப்பித் தந்துரணும்னு.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? மாதா என்ன சந்தையில கடை போட்டா உக்காந்திருக்கா? இதத் தாரேன் அதத் தான்னு கேக்குத! நாளைக்கே இது செத்துப் போச்சுன்னா?”

“சாகாது” என்றாள். பேச்சு முடிந்தது.

அதிலிருந்து எனக்கும் அந்தப் பறவையைப் பற்றித்தான் பயம். ராத்திரி படுத்தால், நெத்திலி தின்றதா தின்னவில்லையா என்றுதான் நினைப்பு ஓடும். தின்றது. எழுந்து நின்றது. கிட்டங்கிக்குள் சிறகை அடித்து, சார்வாளின் கண்ணாடியைத் தட்டிவிட்டது. உடம்பெல்லாம் வெளுத்துவிட்டது, நெஞ்சில் மட்டும் லேசான மஞ்சள் படலம். இரண்டு தடவை சீயக்காய் போட்டாகிவிட்டது. மூன்றாவது தடவைக்கு பிளாரன்ஸ் கரைத்துக்கொண்டு வந்தாள்.

“போதும்ளா, தோலே உரிஞ்சிரப் போகுது” என்றேன்.

“நேர்ச்சைக்குக் குடுக்கது பழுது இல்லாம இருக்கணும்க்கா. அழுக்கோட குடுத்தா மாதா எப்படி ஏத்துக்கிடுவா?”

அவர்கள் வழக்கம் அது. கோழியோ புறாவோ, கோயிலுக்கு நேர்ந்துவிட்டால் குறையில்லாததாகப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். எங்கள் சாமிக்கும் அப்படித்தானே? நான் என்ன சொல்ல முடியும். இறகைத் தேய்த்தால் கழுவின பீங்கான் மாதிரி கீச்சென்று சத்தம் வருகிற வரைக்கும் கழுவினாள். பிழைத்து நின்ற மற்றதையும் அதேபோலக் கழுவினோம். வெயிலில் காய வைத்தபோது எல்லாம் மல்லிகைப்பூ நிறத்தில் நின்றன. தெருவே வந்து பார்த்தது. கேலி செய்த இசக்கியப்பனே, “அடேயப்பா” என்றான்.

சனிக்கிழமை மாதாவுக்கு உகந்த நாள். பூசை முடிந்து பிளாரன்ஸ் நேரே கரைக்கு வந்தாள். கரையோரம் இன்னும் எண்ணெய் மிதந்ததால், முயல்தீவைத் தாண்டிச் சுத்தமான தண்ணீரில் விடுவதென்று ஏற்பாடு. ரோச்சின் சித்தப்பா மகன் ஜேசுதாசன் வள்ளம் கொண்டுவந்திருந்தான். சங்கு குளிக்கிறவன், கடல் அவனுக்கு வீட்டு முற்றம். எனக்கு அப்படியா? வள்ளத்தில் கால் வைத்ததுமே, காலையில் குடித்த நீராகாரம் அத்தனையையும் கடலுக்கே கொடுத்தேன். சார்வாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

தீவைத் தாண்டியதும் தண்ணீர் தெளிந்துவிட்டது. காற்றில்லை, அலையில்லை. பிளாரன்ஸ் கூடையைத் திறந்து பறவையை எடுத்தாள். அதன் தலையில் ஒரு முத்தம் கொடுத்து, “மாதாவே, ஒப்படைச்சுட்டேன்” என்று இரண்டு கையாலும் மேலே தூக்கி விட்டாள்.

பறந்தது! சத்தியமாகப் பறந்தது. சிறகை நாலு அடி அடித்து, வள்ளத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, வெயிலில் வெள்ளைவெளேரென்று பறந்தது.

“வந்துருவாகக்கா! அவுக வந்துருவாக!” பிளாரன்ஸ் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினாள். மாதாவோடு பேரம் பேசாதே என்று ஏசின நானும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்த நிமிஷம் நானும் நம்பினேன். ரோச் எங்கேயோ ஒரு துறைமுகத்தில் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான் என்றே நம்பினேன். சார்வாள் இன்னும் ஐந்தாறு கூடைகளைத் திறந்துவிட்டார். அத்தனையும் பறந்தன.

கொஞ்ச தூரம் போய், அந்தப் பறவை தண்ணீரில் இறங்கி உட்கார்ந்தது. கடற்காக்கை அப்படித்தானே உட்காரும். எங்களுக்குச் சந்தோஷம். “களச்சிருக்கும்லா, இளப்பாறுது” என்றான் ஜேசுதாசன். மற்றவையும் அங்கங்கே இறங்கின.

முதலில் அவன்தான் எழுந்து நின்று பார்த்தான். கடற்காக்கை தண்ணீரில் உட்கார்ந்தால் காகிதக் கப்பல் மாதிரி மேலே நிற்கும். இது தாழ்ந்துகொண்டே போயிற்று. தண்ணீர் அதன் முதுகுக்கு வந்துவிட்டது. சிறகை அடித்துப் பார்த்தது. சிறகு நனைந்த துணியாகத் தண்ணீரிலேயே கிடந்தது.

“ஜேசுதாசா, போலே, போ!” என்று நான் கத்தினேன். அவன் துடுப்பை வெறி பிடித்தவன்போலப் போட்டான். கழுத்து மட்டும் தெரிந்தது. பிறகு அலகு மட்டும். துடுப்பைப் போட்டுவிட்டுக் குதித்தான். மூழ்கி எழுந்து அவன் கொண்டுவந்து வள்ளத்தில் வைத்தபோது அது செத்திருந்தது. பிளாரன்ஸ் அதை மடியில் எடுத்துக்கொண்டு, கால் விரலைத் தடவித் தடவிப் பார்த்தாள். அழவில்லை. சுற்றிலும் மற்றவை ஒவ்வொன்றாகப் போயின. எதைத் தேடி எந்தப் பக்கம் வள்ளத்தை விடுவது? எங்கள் கையால் கழுவிய பறவைகள் எங்கள் கண் முன்னால் முங்கிப்போயின. சுத்தமான தண்ணீர். ஒரு பொட்டு எண்ணெய் இல்லை.

திறக்காத கூடைகளோடு திரும்பினோம். கரையில் இறங்கின பிறகு சார்வாள் என்னைத் தனியே கூப்பிட்டார். முகம் செத்துப்போயிருந்தது.

“சீனித்தாயம்மா, வாத்து முதுகுல தண்ணி ஒட்டாது, அதுக்குன்னு ஒடம்புல ஒரு எண்ணெ ஊறும், அத அலகால எடுத்து எறகெல்லாம் பூசிக்கிடும்னு எத்தன வருஷம் பாடம் நடத்தியிருக்கேன். ஒரு நாளாவது இது என் மண்டையில ஏறுச்சா? கப்பல் எண்ணெயோட சேத்து, கர்த்தர் குடுத்த எண்ணெயையும் கழுவிட்டோம்மா.”

திறக்காத கூடைகளை நான் திரும்பக் கிட்டங்கிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

மறுநாள் பிளாரன்ஸ் புருஷன் செத்தவள்போலக் கறுப்புச் சேலை கட்டிவிட்டாள் என்று ஜேசுதாசன் வந்து சொன்னான். தந்தி வந்ததா, கம்பெனிக்காரன் வந்தானா? ஒன்றும் இல்லை. தாலியைக் கழற்றி மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாளாம். எனக்கு வந்ததே ஆத்திரம்! கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் நினைத்ததைவிட அமைதியாக இருந்தாள்.

“எந்திரிளா!” என்றேன். “எவன் சொன்னான் ஒனக்கு, ரோச் செத்துட்டான்னு? கழத்துளா அந்தச் சேலைய!”

“மாதா சொல்லிட்டாக்கா” என்றாள் மெதுவாக. “பறக்க விட்டுக் காட்டிட்டு, வேண்டாம்னு எடுத்துக்கிட்டா. அவ சித்தம் அப்படி இருந்தா நான் என்ன செய்ய முடியும்? அழுதேன். இப்போ மனசு ஆறிட்டு.”

அவளை அந்தக் கறுப்புக்குள் விட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சார்வாள் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். பறவைக்குச் சொந்த எண்ணெய் உண்டு என்றும், அது போனால் இறகுக்குள் தண்ணீர் இறங்கிவிடும் என்றும், நாம்தான் தெரியாமல் சீயக்காய் போட்டு அதையும் எடுத்துவிட்டோம் என்றும் சொன்னேன். “மாதாவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லளா. அவ எடுக்கவும் இல்ல, வேண்டாம்னு சொல்லவும் இல்ல. கழுவினதுதான் காரணம். ரோச்சு இருக்கான், இல்ல, அது வேற கத. இதுல இருந்து ஒன்னும் தெரியாது. புரியுதா?”

அவளுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முகத்தில் இருந்த அமைதி கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது.

“அப்போ மாதா எடுக்கலியாக்கா?”

“இல்லளா.”

“அவ குடுக்கத்தான் இருந்தாளா?”

நான் பதில் சொல்வதற்குள் அவள் உடம்பு ஆட ஆரம்பித்துவிட்டது. “ரெண்டு தடவையோட நிறுத்தச் சொன்னிய. நான் கேக்கலியே அக்கா. நாந்தானே மூணாந்தடவையும் கழுவினேன். அவ குடுக்க இருந்தவுகள நானே முக்கிக் கொன்னுட்டேனே!”

ஊரையெல்லாம் வாயடைக்கிற வாய் எனக்கு. அந்தப் பிள்ளையிடம் சொல்ல ஒரு வார்த்தை அகப்படவில்லை. அவள் தலையில் அடித்துக்கொள்ளாமல் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பொழுது அடைகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.