நான்கு பொறியாளர்களும் ஒரு வாஷிங் மெஷினும்

ஆறு பத்துக்கு எழுந்தான். பல் துலக்கினான். மைலோ கலக்கிக் குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். அழுக்குத் துணியைப் பையில் அள்ளிக்கொண்டு, கூடத்தின் நடுவே பின்மூடி கழன்று நிற்கும் வாஷிங் மெஷினைச் சுற்றிக்கொண்டு வெளியே போனான். மஸ்ஜித் தானா கடைத்தெருவில் காசு போட்டால் துவைத்துத் தரும் டோபிக் கடையில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தான். திரும்பி வந்தான். எட்டு மாதமாக நிவேந்திரனின் சனிக்கிழமை இப்படித்தான் விடிகிறது.

அந்த மெஷின் அவனுடையதல்ல. லூபோக் சீனா தோட்டத்து முனியம்மாவுடையது. நிவேந்திரனின் மனைவி ராகினி பழுது பார்க்க வாடகை வேனில் கொண்டுவந்தது. மலாக்காவில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருவரும் ஒரே வகுப்பு. பட்டம் வாங்கி ஒரு வருடம் ஆபீஸில் இருந்தாள். அங்கே ஸ்குரூடிரைவரையே கண்ணில் காட்ட மாட்டேன் என்கிறார்கள் என்று வெளியே வந்து, தோட்டம் தோட்டமாக மோட்டார் சைக்கிளில் போய் வாஷிங் மெஷின் பழுது பார்த்தாள். வீட்டுக்கென்று ஒரு மெஷின் வாங்கியதில்லை. சோதனை ஓட்டம் என்று சொல்லி, வீட்டுத் துணி முழுவதையும் வாடிக்கையாளர் மெஷினில் துவைத்துவிடுவாள். பிறகு ஒரு புதன்கிழமை அவள் மோட்டார் சைக்கிளுக்கு எதிரே மணல் லாரி ஒன்று வந்தது. அவ்வளவுதான்.

அவள் கடைசியாகத் திறந்து வைத்த மெஷின் இது. கொடுக்க நிவேந்திரனுக்கு மனமில்லை. கோளாறு என்னவென்று அவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ஒரு நிமிட வேலை. செய்தால் மறு நிமிடம் மெஷின் வீட்டைவிட்டுப் போய்விடும். அதனால் முனியம்மா போன் செய்யும்போதெல்லாம் ஸ்பேர் பார்ட்ஸ் வரவில்லை என்று கதை விட்டுக்கொண்டிருந்தான். நேற்று அவர் பொறுமை இழந்துவிட்டார். ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாளை மத்தியானம் லாரியோடு வந்து தூக்கிப்போகிறேன் என்றார்.

நிவேந்திரன் ஒரு திட்டம் போட்டான். புது மெஷின் ஒன்று வாங்கி வாசலில் நிறுத்தினான். பழையது செத்துவிட்டது என்று பொறியாளர்கள் கூடிச் சொன்னால் முனியம்மா புதியதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். வகுப்புத் தோழர்களை வரச்சொன்னான்.

பத்து மணிக்கு வந்து சேர்ந்தார்கள். காந்தன் இன்சூரன்ஸ் விற்கிறான். மெஷினைப் பார்ப்பதற்கு முன்பே நிவேந்திரனின் பாலிசியைப் பற்றி விசாரித்தான். திலீப் உருமி மேளக் குழு நடத்துகிறான். மெஷினை விரல் கணுவால் நாலு தட்டுத் தட்டிவிட்டு, சுருதி இறங்கிக் கிடக்கிறது என்றான். அகல்யா மலாக்காவில் மணப்பெண் அலங்காரம் செய்பவள். காலையில் ஒரு மணப்பெண்ணை முடித்துவிட்டு, பெட்டியோடு நேரே வந்திருந்தாள். பவுடர் பிரஷ்ஷால் ஒயர்களின் தூசியைத் தட்டினாள். நிவேந்திரனோ சிப் தொழிற்சாலையில் ஏழு வருடமாக, வேலை ஏன் தாமதம் என்று விளக்கும் ஸ்லைடுகள் தயாரிப்பவன். நால்வருக்கும் சுவரில் மாட்டிய பட்டம் உண்டு. ஸ்குரூடிரைவர் மட்டும் ராகினியுடையது.

காந்தன் சென்சார் என்றான். மற்ற இருவரும் மோட்டார் என்றார்கள். ஓட்டெடுப்பு நடந்தது. மோட்டார் ஜெயித்தது.

"ராகினி இருந்திருந்தா நம்ம எல்லாரையும் வெளிய தள்ளி கதவச் சாத்தியிருப்பா" என்றாள் அகல்யா.

திலீப் மெஷின்மேல் மெதுவாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு மணிக்கு லாரி வந்தது. காந்தன் பாலிசி விற்கும் குரலில் பழைய மெஷினின் மரணச் செய்தியை அறிவித்து, வாசலில் நின்ற புது மெஷினின் பெருமைகளை அடுக்கினான். முனியம்மா அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேரே கூடத்துக்கு வந்து பழைய மெஷின்மேல் கையை வைத்தார்.

"வியாழக்கிழமை ஓடும்னு அந்தப் பொண்ணு சொன்னிச்சு, தம்பி. அது கைவச்ச மெஷின். புதுசெல்லாம் எனக்கு வேணாம்லா."

நிவேந்திரன் அந்தக் கையைப் பார்த்தான். கணுக்கள் இஞ்சிக் கிழங்குபோல வீங்கியிருந்தன. இத்தனை நாளும் இவர் துணியை எதில் துவைத்தார் என்று அவன் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. அந்தக் கையில்தான் துவைத்திருக்கிறார்.

ஸ்குரூடிரைவரை எடுத்தான். தோள்வரை தொட்டிக்குள் குனிந்து, அடியில் சுழலும் தட்டைக் கழற்றினான். கீழே சுற்றிக் கிடந்ததை உருவி யாரும் பார்ப்பதற்குள் கால்சட்டைப் பைக்குள் திணித்தான். தட்டை மாட்டி, பின்மூடியையும் பூட்டினான். சுவிட்சைப் போட்டான். மெஷின் சுற்றியது.

"தெரிஞ்சேதான் எங்கள கூப்பிட்டியாடா?" என்றான் திலீப்.

நிவேந்திரன் லாரிக்காரரோடு சேர்ந்து மெஷினைத் தூக்கி ஏற்றினான். என்னதான் கோளாறு என்று முனியம்மா கேட்டார்.

"போர்டு, ஆன்ட்டி."

காந்தனும் அகல்யாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சர்க்யூட் போர்டுக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லையே.

லாரி போனது. நண்பர்களும் போனார்கள். கூடத்தில் மெஷினின் நாலு கால் தடம் இருந்தது. அதைத் துடைக்கலாமா என்று சற்று நேரம் நின்றான். துடைத்தான்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ராகினி கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டிருந்தார்கள். பத்திரமாக இரு என்றாள் என்று ஆளுக்கு ஆள் சொல்லிவைத்தான். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. அன்று காலை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னது இதுதான்:

"முனியம்மா ஆன்ட்டி மெஷின்ல ஒண்ணுமில்லடா, பாவாடை நாடாதான் அடியில சுத்திக்கிட்டு கெடக்கு. போன் பண்ணாங்கன்னா அதச் சொல்லாத, வெக்கப்படுவாங்க. போர்டுன்னு சொல்லிடு."