கன்னத்தின் உள்பக்கம்

மரக் கொட்டாப்புளியால் ஒரு தட்டுத் தட்டினால் ஓடு பிளக்க வேண்டும், உள்ளே இருக்கும் பருப்பு உடையக் கூடாது. பாறசாலைக்குப் பக்கத்து முந்திரி ஆலையில், ஊர்ப் பேச்சில் அண்டியாபீசில், ஓட்டின் எண்ணெய் பொள்ளாமலிருக்க விரல்களில் சாம்பல் பூசிக்கொண்டு பெண்கள் பலகைகளில் வரிசையாகக் குந்தியிருந்து முந்திரிக்கொட்டை தல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள். சுகிர்தபாயின் கை பழகிய கை, அது தன்பாட்டில் வேலை செய்தது. மனசுதான் வெற்றிலைக்கு ஏங்கிக் கிடந்தது.

வெற்றிலையும் போயிலையும் உள்ள தகர டப்பா வரிசையின் கோடியிலிருந்து கைமாறி வந்துகொண்டிருந்தது. அதை நிரப்பி வைப்பது மேஸ்திரி பொன்னையன், காசு முதலாளியுடையது. வேறு எதற்கும் காசு இறக்காத அந்த முதலாளி இதில் மட்டும் தாராளம். வாயில் போயிலை கிடந்தால் பசி தெரியாது. பசி தெரியாதவள் சாயா குடிக்க எழும்பிப் போகமாட்டாள். டப்பா வந்ததும் சுகிர்தபாய் திறக்காமல் அடுத்திருந்த ஜெயபாயிடம் தள்ளிவிட்டு, ஊறிய எச்சிலை விழுங்கினாள். சர்ச் ஹாலில் நடந்த புற்றுநோய்ச் சோதனைக் கேம்புக்குப் போய்வந்த பிறகு அவள் அதைத் தொடவில்லை.

கேம்பில் இருவரும் ஒன்றாகத்தான் நின்றார்கள். குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று ஒரு பெண் முதலிலேயே கேட்டாள். அம்மைக்கும் சித்திக்கும் வாயில் வந்தது என்று சுகிர்தபாய் மறைக்காமல் சொன்னாள். ஜெயபாய் தன் குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றாள். அதோடு சோதனையே முடிந்துபோன நிம்மதியில் டாக்டரைப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டாள். டாக்டர் சுகிர்தபாயின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு தடிப்பு. ரத்த வழியில் கொஞ்சம் இருக்கலாம், பெரிய பங்கு போயிலைக்குத்தான், இன்றோடு விடவேண்டும், ஆஸ்பத்திரிக்கு வந்து சதை எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார்.

இதற்கு முன்பே ஜெயபாயின் மகன் அஜீஷுக்கும் சுகிர்தபாயின் மகள் லிஜாவுக்கும் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. லிஜா நெய்யாற்றின்கரையில் துணிக்கடையில் நிற்கிறாள். அஜீஷின் ஆட்டோ வளைவு திரும்பும் சத்தம் கேட்டால் அவள் கை தானாகத் தலைமுடியை ஒதுக்கும். தாய் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். இந்தக் கல்யாணம் நடந்துவிட வேண்டும், மகள் ஒருநாளும் இந்தப் பலகையில் வந்து குந்தக் கூடாது. அவளுடைய ஜெபமெல்லாம் அதுதான். டாக்டர் சொன்னதைச் சுகிர்தபாய் வந்து சொன்னபின் ஜெயபாய் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

"அக்கா, அந்தக் காரியம் ஒண்ணும் பறையல்லியே," என்று சுகிர்தபாய் இன்று கேட்டேவிட்டாள்.

ஜெயபாய் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவினாள். "என்னத்த பறைய பிள்ளே. லிஜா தங்கமான குட்டியாக்கும். எனக்கும் அவள மருமவளா எடுக்க கொதி உண்டு. ஆனா ஒனக்க அம்மைக்கு, சித்திக்கு, இப்ப ஒனக்கு. ரத்தத்தில உள்ள தீனம்லா. நாளைக்கு அவளுக்கும் வந்தா எனக்க பய என்ன செய்வான்?"

"அம்மையும் சித்தியும் எங்க இருந்தாவ? இந்த வரிசையிலதான்க்கா. இந்த டப்பாலேருந்துதான் தின்னாவ. லிஜா ஒரு பாக்குகூட கடிச்சது கெடையாது."

"நானுந்தான் திங்கியேன். எனக்கு வந்துதா? எங்க குடும்பத்தில ஆருக்கும் கெடையாது."

ஜெயபாய் போயிலையை ஒதுக்க வாயை அகலத் திறந்தாள். கூரைக் கண்ணாடி வழியே விழுந்த வெயிலில் சுகிர்தபாய் அதைப் பார்த்தாள். சிவப்புக்கு நடுவே வெள்ளைத் தடிப்பு. ராத்திரியெல்லாம் தன் வாயில் நாக்கால் தடவித் தடவி அறிந்த அதே மாதிரித் தடிப்பு. இப்போது ரத்தம் ரத்தம் என்று சொல் பார்ப்போம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

"அக்கா, அதைத் துப்பு."

"என்னட்டி?"

"துப்புக்கா. எனக்கு உள்ளது மாதிரியே ஒனக்க கன்னத்திலயும் வெள்ளையா உண்டு. நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீயும் வா."

கல்யாணத்தை முறித்த ஆத்திரத்தில் சொல்கிறாளோ என்று ஜெயபாய் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். அங்கே ஆத்திரம் இல்லை, கண்தான் கலங்கியிருந்தது. சாம்பல் விரலைச் சேலையில் துடைத்து வாய்க்குள் விட்டுத் தடவினாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"எங்க குடும்பத்தில ஆருக்கும் இல்லியே," என்றாள் மறுபடியும். குரல் இறங்கியிருந்தது.

பின்னால் வந்து நின்ற பொன்னையன் எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். "நாளைக்கு ரெண்டு பேரும் வரல்லேன்னா பலகை சும்மா கெடக்காது, கேட்டியளா. சுகிர்தம், ஒனக்க வீட்டில குட்டி உண்டும்லா. அவள அனுப்பு."

சுகிர்தபாய் பதில் சொல்வதற்குள் அவர் குனிந்து டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்தார். அடியில் தூள்தான் கிடந்தது. மடியிலிருந்து புதுப் போயிலைக் கட்டைப் பிரித்து நிரப்பி, மூடியை அழுத்தி, வரிசையின் கோடியில் கொண்டுபோய்க் கொடுத்தார். டப்பா மறுபடியும் கைமாறி வர ஆரம்பித்தது.