நாற்பது சென்டிமீட்டர்

இருமுறை ஒலிம்பிக் தங்கம் வென்றவளுக்குத் தன் வேகத்தின் மீதே சந்தேகம் எழுந்தது. முப்பத்திரண்டு வயதில், மூன்றே வாரங்களில், இருநூறு மீட்டர் நீச்சலில் அவள் எடுக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு விநாடி குறைந்திருந்தது. மூன்றாவது ஒலிம்பிக்குக்கான தேர்வுப் போட்டிக்கு மாத இறுதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும், இல்லையேல் ஓய்வு.

மருந்துக்கடை நடத்தும் அவளுடைய அக்கா பயிற்சியாளரைச் சந்தேகித்தாள். அவர் கொடுத்த சத்துமாவு டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"இந்த வயசுல மீனுக்கே புதுசா துடுப்பு முளைக்காதுடி. உன் மாஸ்டர் இதுல என்னத்தைக் கலக்குறாரு? மாட்டினா பழைய தங்கத்தையும் சேர்த்துச் சந்தேகப்படுவாங்க."

தங்கை ஒரு வாரம் மாவைத் தொடாமல் நீந்தினாள். வேகம் குறையவில்லை.

நீந்தும்போது கைவீச்சுகளை எண்ணுவது அவள் வழக்கம். குளத்தின் ஒரு நீளத்துக்கு முப்பத்தாறு. இப்போதும் அதே எண்தான். ஆனால், கடைசி வீச்சு முழுதாக நீளுமுன்பே சுவர் எதிர்ப்பட்டது. வீச்சு நீண்டுவிட்டது என்று பயிற்சியாளர் மெச்சியதை அவளும் நம்பியிருந்தாள்.

குளத்தை இரண்டாகப் பிரிக்கும் தடுப்புச்சுவர் நகரக்கூடியது. மாதத் தொடக்கத்தில் துப்புரவுக்காக அதை நகர்த்தியிருந்தார்கள். மறுநாள் காலையில் அக்கா அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, அவள் குளத்தின் நீளத்தை அளந்தாள். ஐம்பது மீட்டருக்கு நாற்பது சென்டிமீட்டர் குறைந்தது. சுவரைப் பழைய இடத்துக்குத் தள்ளப் போனபோது, "இருக்கட்டும்" என்று தடுத்தவர் மாஸ்டர்தான் என்றார் குளத்துக் காவலாளி.

பயிற்சியாளர் மழுப்பவில்லை. "நீச்சலை விடப்போறேன்னு சொன்னே. நம்பிக்கை வந்தா வேகமும் வரும்னு நினைச்சேன்மா."

"வந்திருக்கான்னு பார்த்துடலாம். சுவரைத் தள்ளுங்க, மாஸ்டர்."

நாடா ஐம்பது மீட்டரைக் காட்டிய பின்னரே அவள் தண்ணீரில் இறங்கினாள். கடிகாரம் அக்காவின் கையில் இருந்தது. நீந்தி முடிந்ததும் அக்கா நேரத்தைச் சொன்னாள். தங்கை ஈரக்கையை நீட்டிக் கடிகாரத்தை வாங்கினாள்.

"என்னையுமா சந்தேகப்படுறே?"

"உன்னையும்தான்."

அக்கா சொன்னது சரியே. மூன்று வாரங்களுக்கு முன்பிருந்த அதே நேரம். ஒரு துளியும் குறையவில்லை.

விண்ணப்பத்தில் பயிற்சியாளர் நிரப்பியிருந்த நேரத்தை ஒரே கோடாக அடித்தாள். அதன்மேல் மெய்யான நேரத்தை எழுதிக் கையொப்பமிட்டாள். நாடாவைச் சுருட்டி, போட்டிக்கு எடுத்துச் செல்லும் பையில் வைத்துக்கொண்டாள்.