நார்த்தங்காய் ஜாடி

ஒப்பாரி பாதியில் நின்றதும் புவனா நிமிர்ந்தாள். கன்னியம்மாள் அடுப்படிக்குப் போகிறாள் என்று அர்த்தம்.

கன்னியம்மாள் புவனாவின் புருஷன் பரந்தாமனுக்கு அக்கா. தம்பி விடியற்காலையில் போய்விட்டான் என்று போன் வந்ததும் பொதட்டூர்பேட்டையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்திருந்தாள். மலைக்கோயில் கிருத்திகைக் கூட்டத்தில் பஸ் மலையடிவாரத்துக்கு முன்னாலேயே நின்றுவிட, அங்கிருந்து நடந்தே வந்து, ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் விழுந்து தெருவே கூடும்படி அழுதாள். அழுகையில் பொய் இல்லை. ஆனால் எவ்வளவு அழுதாலும் ஆக வேண்டியதை மறக்கிற பிறவி இல்லை அவள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொடத்து தண்ணியெல்லாம் கொட்டியாச்சா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் எழுந்து உள்ளே போனாள்.

புவனா பெட்டியின் தலைமாட்டில் அசையாமல் உட்கார்ந்து காதை மட்டும் அடுப்படியில் வைத்திருந்தாள். குடம் கவிழ்கிற சத்தம் கேட்டது. தோசை மாவுப் பாத்திரத்தைத் திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அவர்கள் வகையறாவில் சாவு விழுந்த வீட்டில் இருக்கிற தண்ணீர், மாவு, ஊறுகாய், வடகம் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. எல்லாம் எருக்குழிக்குப் போக வேண்டும். புவனா கல்யாணமாகி வந்த வருஷமே மாமனார் இறந்தார். அவளுடைய அம்மா கொடுத்தனுப்பிய ஆவக்காய் ஜாடியை இதே கன்னியம்மாள்தான் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினாள். கோழிகளுக்குக் காரம் தெரியாது. எண்ணெயில் ஊறிய மாங்காய்த் துண்டுகளை ஒன்று விடாமல் கொத்தித் தின்றன. புதுப்பெண் என்ன பேச முடியும், பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்த முறை அவள் முந்திக்கொண்டாள். அதுதான் இப்போது உறுத்திக்கொண்டிருந்தது.

நேற்று மத்தியானம் பரந்தாமனின் கால் வீக்கம் தொடை வரை ஏறியிருந்தது. கிட்னி ரெண்டும் போய்விட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிய ஆஸ்பத்திரிக்காரர்கள், வீக்கம் ஏறினால் அதிகம் தாங்காது என்றும் சொல்லியிருந்தார்கள். கடைவாயில் கஞ்சி வழியத் தூங்கிப்போனவரைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது, புவனாவின் கண் நேராக அலமாரிக்குத்தான் போனது. ஆவக்காய், கோங்குரா தொக்கு, எலுமிச்சை, டப்பா டப்பாவாக வெங்காய வடகம். ஒரு வருஷத்து உழைப்பு. அவர் படுத்ததிலிருந்து கொல்லையில் காய்ப்பதும் கோழி இடுவதும் அந்த அலமாரியும்தான் வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டு மணியம்மையைச் சைகையில் கூப்பிட்டாள். இருவரும் பூனை மாதிரி அடியெடுத்து வைத்து, கொல்லைப் படல் வழியாக எல்லாவற்றையும் அவள் வீட்டுக்குக் கடத்தினார்கள்.

கட்டிலின் தலைமாட்டில் இருந்த நார்த்தங்காய் ஜாடியை மட்டும் புவனா தொடவில்லை. அது அவருடையது. அவர் வைத்த மரத்தின் காய். உப்பே ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகு, "துன்னத்தானே கூடாது, மோந்து பாக்கக்கூடவா கூடாது?" என்று சண்டை பிடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மூடியைத் திறந்து ஒருதரம் மோந்துவிட்டுத்தான் கஞ்சியில் வாய் வைப்பார். அதை எடுக்கப்போய் அவர் விழித்துக்கொண்டு, எதுக்குடி எடுக்கிறே என்று கேட்டால் என்ன சொல்வது? போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவர் கஞ்சி குடிக்கவில்லை, அவளும் ஜாடிப் பக்கம் பார்க்கவில்லை. காலையில் கட்டிலை வெளியே தூக்கிய அமளியில் அதுவும் எங்கேயோ போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மூச்சு நின்றபோது அவளுக்கு முதலில் அழுகை வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. ராத்திரியெல்லாம் பட்ட திணறல் அவருக்குத் தீர்ந்ததே. ஆனால் அடுத்த நிமிஷமே, ஜாடிகளை ஒளித்து வைத்துவிட்டுப் புருஷன் சாவுக்குக் காத்திருந்தவள்தானே நீ என்று மனசு திட்டியது. மனசு திட்டினால் யாருக்குக் கேட்கப்போகிறது? கன்னியம்மாள் திட்டினால் காரியம் முடிகிறவரை சொந்தக்காரர்கள் எல்லாரும் அதையேதான் பேசுவார்கள்.

கன்னியம்மாள் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஜாடியெல்லாம் எங்க புவனா?" காதோடு கேட்டாள்.

"இந்த வருசம் ஒண்ணும் போடல அண்ணி. இவரப் பாக்கவே நேரம் சரியா இருந்துச்சு."

"சித்திரையில மாங்கா வெட்டிகினு கீறேன்னு போன்ல சொன்னியே."

"அது மணியம்மைக்கு வெட்டிக் குடுத்தேன்."

கன்னியம்மாள் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். அலமாரிப் பலகையில் வட்டம் வட்டமாக எண்ணெய்த் தடம் இருக்குமே என்று புவனாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த நேரம் பார்த்துக் கருப்பி உள்ளே வந்தது. மற்ற கோழிகளெல்லாம் கூண்டில் இட, இது மட்டும் பரந்தாமனின் கட்டிலுக்கு அடியில் வந்துதான் முட்டையிடும். படுக்கையில் விழுந்த மனுஷனுக்கு அதுதான் உத்தியோகம். கருப்பி கொக்கரித்ததும் "போட்டுட்டா!" என்று குரல் கொடுப்பார். அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாலும் பாதியில் நிறுத்திவிட்டுக் கத்துவார். இப்போது கட்டில் இருந்த இடத்தில் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. கருப்பி கழுத்தை நீட்டி நீட்டி அதைச் சுற்றி வந்தது. யாரோ "ச்சூ" என்று விரட்டினார்கள்.

மத்தியானத்துக்கு மேல் எடுத்தார்கள். மகன் தணிகைமணி கொள்ளிச்சட்டியோடு முன்னால் போனான். தெருமுனையில் மேளச் சத்தம் திரும்பியதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். அடுப்பு மூட்டக் கூடாத வீடு. மணியம்மை தன் வீட்டிலிருந்து சோறும் ரசமும் கொண்டுவந்தாள்.

"வாய் கசந்துகினு இருக்கும், இதத் தொட்டுக்கோங்க பெரிம்மா" என்று கன்னியம்மாளின் தட்டோரத்தில் ஒரு துண்டை வைத்தாள்.

நார்த்தங்காய். சுருள் சுருளாக வெட்டிய, புவனாவின் கைவெட்டு.

புவனாவுக்குக் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. கன்னியம்மாள் துண்டை வாயில் வைத்தாள். மென்றாள். மெல்வதை நிறுத்தினாள்.

"இது யாரு போட்டது?"

"நான்தான் பெரிம்மா."

"உங்க வூட்ல நார்த்த மரம் கீதா?"

மணியம்மை புவனாவைப் பார்த்தாள். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று புவனாவுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லித் தொலைத்தால்தான் நிம்மதி.

"நான் போட்டதுதான் அண்ணி. அலமாரில இருந்தத எல்லாம் நேத்தே அவ வூட்டுக்கு மாத்திட்டேன். நீங்க வந்தா கொட்டிடுவீங்கன்னு, அவரு தூங்கிகினு இருக்கச்சே எடுத்துட்டேன். உசுரு இருக்கும்போதே எடுத்துட்டேன். என்ன வேணா திட்டுங்க. ஆனா இந்த ஜாடிய நான் எடுக்கல. சாமி சத்தியமா எடுக்கல."

"அப்ப அதுவா நடந்து போச்சா?"

"பெரிம்மா, அக்காவத் திட்டாதீங்க" என்றாள் மணியம்மை. "அண்ணன் தூங்கல."

"இன்னா சொல்றே?"

"அக்கா தொக்கு ஜாடியத் தூக்கிகினு முன்னாடி போயிடுச்சி. வடகம் டப்பாவ எடுக்க நான் உள்ள வந்தா, கண்ணத் தொறந்து என்னையே பாத்துகினு கீறாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. 'மணி, இத வுட்டுட்டா பாரு, இதையும் எடுத்துகினு போ'ன்னாரு. 'எங்கக்கா வந்தா மொதல்ல இதத்தான் கொட்டுவா'ன்னாரு. நான் தூக்கப்போனா, இருன்னு சொல்லிட்டு மூடியத் தொறந்து ஒருவாட்டி மோந்துகினாரு. 'நான் பாத்தேன்னு அவகிட்ட சொல்லாத, பாவம், சங்கடப்படுவா'ன்னுட்டுக் கண்ண மூடிகினாரு."

மலைக்கோயில் மைக்கில் யாரோ தொலைந்துபோன பிள்ளையைப் பற்றி அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

புவனாவுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. பூனை மாதிரி அடியெடுத்து வைத்தார்களே இரண்டு பேரும், அதையெல்லாம் அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டே படுத்திருந்திருக்கிறார்! சிரித்த வாயை மூடுவதற்குள் அழுகை வந்துவிட்டது. காலையிலிருந்து வராத அழுகை அது. தட்டை ஓரமாக வைத்துவிட்டு அழுதாள். அழ அழ நெஞ்சில் இருந்த கனம் இறங்கியது.

"சாவற நேரத்துலயும் என்னத்தான் நக்கலடிக்கணும் அந்தத் திருடனுக்கு, அவன்..." என்று ஆரம்பித்த கன்னியம்மாள் முடிக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டுத் தட்டை மணியம்மையின் பக்கம் தள்ளினாள்.

"இன்னொரு துண்டு போடு. மாவு கொட்டியாச்சு, தண்ணி கொட்டியாச்சு. அது போதும்."

"அண்ணி..."

"துன்னு புவனா. ராத்திரியெல்லாம் முழிச்சிகினு இருந்த மூஞ்சி அது. துன்னு."

புவனா ஒரு வாய் எடுத்து வைத்தாள். அப்போது கொல்லையில் கருப்பி கொக்கரித்தது. கன்னியம்மாள், மணியம்மை, புவனா மூன்று பேருமே கட்டில் இருந்த மூலையைப் பார்த்தார்கள். கழுவிவிட்ட தரை இன்னும் காயவில்லை.

புவனா கையைக் கழுவிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அலசிய கட்டிலை முருங்கை மரத்தடியில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதன் நிழலிலிருந்து கருப்பி இறக்கையை உதறிக்கொண்டு வெளியே வந்தது. உள்ளே குனிந்து பார்த்தாள். ஈர மண்ணில் முட்டை கிடந்தது. எடுத்து முந்தானையால் மண்ணைத் துடைத்தாள். கைக்குச் சூடாக இருந்தது.

"போட்டுட்டாளா?" உள்ளேயிருந்து கன்னியம்மாளின் குரல் கேட்டது.

"ஆங், போட்டுட்டா" என்று புவனா தெருவரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.